அத்தைக்கு என்று வாங்கிய லேகியம்

நம் கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் புதிதாக நிற்க வந்திருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். டாக்டரம்மா போன வாரம் போன் செய்து, "பசங்களுக்கு நீங்க நாலு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்றார். சூரணத்தை எப்படிப் பொட்டலம் கட்டுவது, எந்த அரிஷ்டம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஒரு வாரம் நின்றால் அதெல்லாம் கைக்கு வந்துவிடும். எனக்கு எழுத இருப்பது ஒரே ஒரு பகல். காலை பதினொரு மணிக்கு ஆரம்பித்து மாலை ஆறரைக்கு முடிந்த பகல். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பகலை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது.

முதலில் நம் வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்கம் ரோட்டில் கடை என்பதால் ஆசிரமத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். அவர்களுக்கு மலச்சிக்கல் என்றால் கூச்சமே கிடையாது. எத்தனை நாள், என்ன நிறம், கல்லு மாதிரியா களி மாதிரியா, எல்லாம் செல்போனில் குறித்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவார்கள். நம் ஆட்கள் அப்படியில்லை. கடை காலியாகும் வரை பல்பொடி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்கள். அப்புறம் குரலை இறக்கி, "வீட்டுல ஒருத்தருக்கு..." என்று ஆரம்பிப்பார்கள். அப்பாவுக்கு, மாமனாருக்கு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு, ஆபீசில் கூட வேலை செய்கிறவருக்கு. தனக்கு என்று சொல்லி வாங்கியவர்களை இருபத்தாறு வருடத்தில் விரல்விட்டு எண்ணலாம். இந்த ஊரில் யாருக்குமே மலச்சிக்கல் இல்லை, எல்லாருடைய மாமனாருக்கும் மட்டும்தான் இருக்கிறது என்று நானே கேலி பேசுவேன்.

கேலி பேசத் தெரிந்த எனக்கு, அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா அவருடைய அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வேலூர் போயிருந்தார். பௌர்ணமியன்று நோயாளிகள் கம்மிதான், நீங்கள் மட்டும் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர். அவர் இல்லாத நாளில் கவுண்டரில் நிற்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். ஒத்துக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். தோளில் கைப்பை, கழுத்தில் வேலை செய்கிற இடத்து அடையாள அட்டை. பெயரை மாற்றி நித்யா என்று சொல்கிறேன்.

"அக்கா, மோஷன் போறதுக்கு ஏதாவது நல்ல மருந்து வேணும்."

"யாருக்கும்மா?"

"எங்க அத்தைக்கு. உங்க கஸ்டமர்தான். வேங்கிக்கால்லருந்து மூட்டுக்கு எண்ணெய் வாங்கினு போவாங்களே, கஸ்தூரி."

கஸ்தூரியம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். வயது அறுபத்திரண்டு, சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, வாய் மட்டும் ஜாஸ்தி. அவருக்கு என்றதும் நான் கேட்க வேண்டிய பாதிக் கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரிந்துவிட்டது. தெரிந்த ஆள் என்று நினைக்கிற இடத்தில்தான் நாம் கேட்பதை நிறுத்துகிறோம்.

"எத்தினி நாளா போகலை?"

"ஆறு நாளாச்சு."

"ஆறு நாளா! திரிபலா குடுத்தீங்களா?"

"குடுத்துப் பாத்துட்டோம்க்கா. கேக்கல."

"உக்காந்தா வருதா, முக்கணுமா?"

அவள் கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "முக்கறதில்லக்கா" என்றாள். முட்டி வலியோடு பாவம் அந்தம்மா எப்படி உட்கார்ந்து முக்குவார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அலமாரியின் மேல் தட்டிலிருந்து சிவதை வேர் சேர்ந்த லேகியத்தை எடுத்தேன். உங்களுக்குத் தெரியும், அது நம் கடையில் பேதி மருந்துக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிற மருந்து. டாக்டரம்மா பார்த்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும். ஆனால் கஸ்தூரியம்மாவுக்குப் போன வருடம் அவரே ஒருமுறை அதை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தைரியம் எனக்கு.

"மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு ஸ்பூன் குடுத்து மேல வெந்நீர் குடிக்கச் சொல்லு. சாயந்தரத்துக்குள்ள போகலைன்னா நான் இந்தக் கவுண்டர்ல நிக்கறதையே விட்டுடறேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இது சூடு பண்ணுமாக்கா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "ஜாஸ்தி சூடு இல்லல்ல?"

"இல்லம்மா, தைரியமா குடு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சரியாக ஒரு மணி நேரம் கழித்து, பன்னிரண்டு மணிக்கு, கஸ்தூரியம்மா விசிறிக்கொண்டே உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த எண்ணெய் ஒண்ணு குடும்மா. முட்டிக்குத் தேச்சினு இப்பவே நடக்க ஆரம்பிச்சாத்தான் இருட்டறதுக்குள்ள சுத்தி வர முடியும்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மருமகள் மருந்தோடு வேங்கிக்காலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், மாமியார் இங்கே இருக்கிறார். எண்ணெயை எடுத்துக்கொண்டே, "ஆறு நாளா கஷ்டப்பட்டுக்கினு கிரிவலம் வேறயா?" என்று கேட்க வாயைத் திறந்தேன். ஏதோ தடுத்தது. "வயிறெல்லாம் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"என் வயித்துக்கு என்னா கேடு? காலைல காபி உள்ள போச்சுன்னா அஞ்சாவது நிமிஷம் அது வெளிய வந்துடும். ஒரு நாள் தப்பினது கெடையாது."

எண்ணெய்ப் பாட்டிலைக் கவுண்டரில் வைத்தேன்.

மருந்து எடுக்கப் போகிறவள் மாதிரி பின்னறைக்குப் போய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார் போல, பின்னால் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். நான் என்னவெல்லாம் கேட்டேன், அவள் என்ன பதில் சொன்னாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். என் பேரில் தப்பில்லை என்று காட்டுகிற அவசரம். அவர் நடுவில் நிறுத்தினார்.

"நீங்க கேட்டதை விடுங்கக்கா. அந்தப் பொண்ணு உங்களை என்ன கேட்டா?"

"சூடு பண்ணுமான்னு கேட்டா."

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை. போயிட்டுத் திரும்பி வந்து கேட்டா."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாமியாரின் வயிற்றுக்கு மருந்து வாங்குகிற எந்த மருமகளும் அதைப் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்க மாட்டாள். நம் பெண்கள் சூட்டுக்கு இப்படிப் பயப்படுகிற காலம் ஒன்றுதான் இருக்கிறது. பப்பாளியைத் தொட மாட்டார்கள், எள்ளுருண்டையைத் தள்ளி வைப்பார்கள். இருபத்தாறு வருடம் கவுண்டரில் நின்ற எனக்கு அதை வேலூரில் இருந்துகொண்டு இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"எப்ப சாப்பிடச் சொன்னீங்க?"

"மத்தியானம்... சாப்பாட்டுக்கு அப்புறம்."

"அப்ப டைம் இருக்கு. கடையை மூடிட்டுப் போங்க."

"டாக்டர், மாமியார் இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்களை விட்டு ஒரு போன் போடச் சொன்னா உடனே நின்னுடும்."

"அந்தப் பொண்ணு மாசமா இருக்கான்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"இருந்தா, அது மாமியாருக்குத் தெரியணும்னு அவ நெனைக்கிறாளா?"

நான் கதவு இடுக்கு வழியாகக் கஸ்தூரியம்மாவை எட்டிப் பார்த்தேன்.

"நான் அங்க இல்லக்கா. நீங்கதான் முடிவு எடுக்கணும்" என்றார். என்மீது கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தப் பின்னறையில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. மாமியாரிடம் சொன்னால் மருந்து நிற்கும். ஆனால் ஒருவேளை அவள் மாசமாக இல்லாமல், வெறும் கூச்சத்தில் மாமியார் பெயரைச் சொல்லியிருந்தால்? மாசமாக இருந்து, வீட்டில் சொல்லாமல் வைத்திருக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தால்? கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நம்மிடம் சொல்வதை, பொய்யே ஆனாலும், நாம் அடுத்தவரிடம் கொடுக்கக்கூடாது. இது எனக்கு மனப்பாடம். சொல்லாமல் இருந்து அந்தக் கருவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்தக் கேள்விக்குப் பாடத்தில் இடமே இல்லை. சொல்ல வேண்டாம், நானே போய் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வெளியே வந்து முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "மருமக எங்கியோ வேலைக்குப் போறதா சொன்னீங்களே?" என்றேன்.

"கலெக்டர் ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை. மனு கினு டைப் அடிச்சுக் குடுப்பா. ஏன்?"

"எனக்கு ஒரு மனு அடிக்கணும். நம்பர் குடுங்களேன்."

பச்சைப் பொய். நம்பர் கிடைத்தது. கஸ்தூரியம்மா எண்ணெயை அங்கேயே முட்டியில் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கடை வாசலில் நின்று போன் போட்டேன்.

"மருந்துக் கடையிலருந்து பேசறேம்மா. காலைல வாங்கினியே, அந்த..."

"அது எங்க அத்தைக்குங்க" என்றாள் சட்டென்று. பக்கத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம். "கூட்டமா இருக்கு, வெக்கறேன்."

வைத்துவிட்டாள். நான் "சாப்பிடாதே" என்று கத்தியிருக்கலாம். நாலடி தள்ளி அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்ததால் குரலை அடக்கிப் பேசினேன், அதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. வாட்ஸப்பில், "அந்த லேகியத்தை மாசமா இருக்கறவங்க சாப்பிடக்கூடாது, தயவுசெஞ்சு சாப்பிடாத" என்று எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்து அப்படியே நின்றது.

கஸ்தூரியம்மாவை அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்தபோது மணி பன்னிரண்டரை. பௌர்ணமியன்று செங்கம் ரோட்டில் ஆட்டோ கிடைக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். தடுப்பு போட்டுவிட்டார்கள். ரோடு முழுக்க வெறுங்காலோடு ஜனம். எல்லாரும் ஒரு பக்கம் வர, நான் மட்டும் எதிர்ப்பக்கம் இடித்துக்கொண்டு போனேன். ஐம்பத்தெட்டு வயதுக்காரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினதை அன்றைக்கு எத்தனை பேர் பார்த்துச் சிரித்தார்களோ. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டோக்காரர் கிடைத்தார்.

"வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் போகணும். சீக்கிரம்."

"டவுனுக்குள்ள உட மாட்டாங்கம்மா. பைபாஸ்ல சுத்தினுதான் போகணும்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"இன்னிக்கு அதெல்லாம் கேக்கக்கூடாதும்மா" என்றார்.

வழியெல்லாம் போனை முறைத்துக்கொண்டே போனேன். ஒரே டிக். எந்தத் தெய்வத்தைக் கூப்பிடுவது என்றுகூடத் தோன்றவில்லை. ஜெராக்ஸ் கடையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், ஒரு மணிக்கா, ஒன்றரைக்கா, இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கடைக்குள் நுழைந்தபோது மணி ஒன்று இருபது. நித்யா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் கொடுத்த டப்பா திறந்திருந்தது. அதன் மூடியில் ஸ்பூன் இருந்தது. ஸ்பூனில் லேகியம் ஒட்டியிருந்தது.

அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். மனு எழுதுகிறவர்கள் உட்காரும் வேப்பமரத்தடியில் சாப்பாட்டு நேரம் என்பதால் யாரும் இல்லை.

"சாப்பிட்டுட்டியா?"

"அத்தைக்குத்தாங்க..."

"உங்க அத்தை பன்னெண்டு மணிக்கு எங்க கடையில உக்காந்திருந்தாங்க. அவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. எத்தினி நாள் தள்ளிப் போயிருக்கு, அதை மட்டும் சொல்லு."

"கடைசியா தலைக்குக் குளிச்சு எழுவது நாள்" என்றாள். அப்புறம், "அக்கா, அது சூடா? சூடு இல்லன்னு சொன்னீங்களே!" என்றாள். இதை எழுதும்போதும் அந்தக் குரல் காதில் கேட்கிறது. ஆமாம், நான்தான் சொன்னேன். ஒருமுறை அல்ல, இரண்டுமுறை.

ஏற்கனவே இரண்டு கலைந்திருக்கிறது. இரண்டு முறையும் நாள் தள்ளின உடனே ஊருக்கெல்லாம் சொல்லி, அப்புறம் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்றாம். இந்த முறை மூன்று மாதம் முடியும் வரை தன் கணவனைத் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று இருந்திருக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை வயிற்றைக் கட்டியிருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே என் கையை அவள் விடவில்லை. நான் அவளுக்கு மருந்து கொடுத்தவள், என் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த லேடி டாக்டரிடம் டப்பாவை நீட்டி, என்ன சரக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று நானே சொன்னேன். நான்தான் கொடுத்தேன் என்றும் சொன்னேன். இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த இடத்தில் மழுப்பத் தோன்றும். "ஏதோ நாட்டு மருந்தாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவத் தோன்றும். அப்படி நழுவினால் அந்தப் பெண்ணைப் பார்க்கிற டாக்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

ஸ்கேனில் துடிப்பு நன்றாக இருந்தது. "ஒரு ஸ்பூன்தானே, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். "ஆனா ஏற்கனவே ரெண்டு போயிருக்கு. அதனால இங்கியே படுக்கட்டும். வயிறு வலிச்சாலோ ரத்தம் பட்டாலோ உடனே கூப்பிடுங்க."

இங்கேதான் என் நரகம் ஆரம்பித்தது. நான் கொடுத்த மருந்து என்ன செய்யும்? வயிற்றைப் பிடித்துப் பிசையும். அதுதான் அதன் வேலை. வேலை செய்கிற மருந்தைத்தான் நான் கொடுத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டேன் அல்லவா? மாலை நாலரைக்கு அவள் ஒருக்களித்துப் படுத்து, "அக்கா, பிடிக்குது" என்றாள்.

"எங்க? மேலயா, அடி வயித்துலயா?"

"அடி வயித்துல."

டாக்டரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார், ரத்தம் இல்லை, பார்க்கலாம் என்றார். பத்து நிமிடம் கழித்து மறுபடி பிடித்தது. இது மலம் இறங்குகிற வலியா, மற்றதா? இருபத்தாறு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகம் மாறினால் அவள் பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

"நல்லதுதானே. பாத்ரூம் போயிட்டு வா."

"மாட்டேன்."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் சொன்னாள். போன முறை கலைந்தது வீட்டுப் பாத்ரூமில். சாதாரணமாக வயிறு வலிக்கிறது என்று போய் உட்கார்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து உட்கார்ந்தாலே அந்த ஞாபகம். இந்த முறை நாள் தள்ளினதும் முக்கினால் வந்துவிடுமோ என்று அடக்க ஆரம்பித்திருக்கிறாள். வரும்போதெல்லாம் அடக்கி, அடக்கி, அப்புறம் அது வருவதையே நிறுத்திவிட்டது. மாத்திரை பாதி, பயம் பாதி. 'முக்கறதில்லக்கா' என்று காலையில் அவள் சொன்னது உண்மை. அதையும் நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

எத்தனை நாளாகப் போகவில்லை என்று ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டிருக்கிறேன். போகப் பயமாக இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. எந்த வேரிலும் அந்தப் பயத்துக்கு மருந்து கிடையாது.

அந்த நேரம் பார்த்து கஸ்தூரியம்மா வந்துவிட்டார். நித்யா போனில் சொன்னதும் அவள் கணவன் பயந்துபோய் அம்மாவிடம் சொல்லிவிட்டான். பாதிக் கிரிவலத்தில் திரும்பி, வெறுங்காலோடு, முட்டியில் எண்ணெய் மினுமினுக்க வந்து நின்றார். மருமகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வயிறு எப்படி இருக்குன்னு எங்கிட்ட கேட்டியே, அப்ப உனக்குத் தெரியும்தானே?"

"சந்தேகமா இருந்துது."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அங்கியே போன் போட்டிருப்பேனே. என் போனுன்னா அவ எடுத்திருப்பா. அந்த ஒரு ஸ்பூன் உள்ள போயிருக்காதே!"

அவர் சொன்னது சரி. சொல்லியிருந்தால் நின்றிருக்கும். நித்யா பின்னாளில், "நீங்க அத்தைகிட்ட சொல்லாம இருந்தது நல்லதுக்கா, கடைசி வரைக்கும் அது ஒண்ணுதான் எனக்குத் தெம்பு" என்றாள். அவள் சொன்னதும் சரி. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் அன்று செய்தது சரியா தப்பா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் தெரிந்த மாதிரி நடிக்கவும் விருப்பமில்லை.

"அத்தை, எனக்கு அடக்க முடியல" என்றாள் நித்யா, அழுதுகொண்டே.

கஸ்தூரியம்மாவுக்குப் பாத்ரூம் கதை அப்போதுதான் தெரிந்தது. நான் நாலு வரியில் சொன்னேன். அந்த வாய் ஜாஸ்திக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகளின் ஒரு கையைப் பிடித்து எழுப்பினார், இன்னொரு கையை நான் பிடித்தேன். வார்டின் கோடியில் இருந்த கழிவறைக்கு மூன்று பேரும் நடந்தோம். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்திக்கொண்டாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"அத்தை?"

"இருக்கேன். எங்க போவேன்? முக்காத. தானா வரும்."

சத்தமே இல்லை. கஸ்தூரியம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. நான் அந்தக் கதவின் அடியில் இருந்த துருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையை விட்டுவிடுகிறேன், இனி ஒரு பொட்டலம்கூட என் கையால் கட்டமாட்டேன், இந்தப் பெண் நல்லபடியாக வெளியே வந்தால் போதும் என்று மனசுக்குள் பேரம் பேசினேன். "இருக்கீங்களா" என்று அவள் நாலைந்து முறை கேட்டாள், நாங்களும் சொன்னோம். அப்புறம் கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அக்கா."

"என்னம்மா?"

"ரத்தம் இல்லக்கா. போயிடுச்சு. நல்லாப் பாத்துட்டேன், ரத்தம் ஒண்ணும் இல்ல."

கஸ்தூரியம்மா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி ஆறரை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "இவ்ளோ பெரிய பாடத்தை வீட்டுக்கு எடுத்துனு போனா கவுண்டர்ல யாருக்கு உபயோகம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அதன் பிறகு நான் செய்தது இதுதான், நீங்களும் செய்யுங்கள். யாருக்கு என்று கேட்டால் பொய்தான் வரும், வரட்டும், அதில் தப்பில்லை. மருந்தைக் கையில் கொடுக்கும்போது அதை யார் யார் தொடக்கூடாது என்று நீங்களே சத்தமாகச் சொல்லிவிடுங்கள். எழுபது வயது தாத்தாவுக்குக் கொடுக்கும்போதும், "மாசமா இருக்கறவங்க சாப்பிடக்கூடாது. வாந்தியோட வயித்து வலி இருந்தா இதைத் தொடாம ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொல்வேன். "நான் ஆம்பளம்மா" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒருநாள் அப்படிச் சிரித்தவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, மருந்தைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

நித்யாவுக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். ஊறவைத்த உலர்திராட்சை, கீரை, வேளாவேளைக்குத் தண்ணீர், அவ்வளவுதான் நம் டாக்டரம்மா சொன்ன வைத்தியம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். தினமும் காலையில் எனக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னேன். ஏழு மணிக்கு "போனேன்க்கா" என்று வரும். சில நாள் "போனேன்க்கா, பயந்துனே போனேன்" என்று வரும். அது வரும் வரை எனக்குக் காபி இறங்காது. ஆறரை மாதம் இப்படி. என் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

ஒருநாள் வரவில்லை. எட்டு மணி, ஒன்பது மணி. நானாகப் போன் செய்யப் பயம். பத்தே காலுக்குக் கஸ்தூரியம்மாவின் குரல்: "பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. என்னா, அழறியா?"

மூன்றாம் நாள் காலை, ஏழு மணிக்கு நித்யாவே எழுதியிருந்தாள்.

"போனேன்க்கா. உள்ள உக்காந்துனு இருக்கறப்போ பாப்பா அழுதா. பயப்படறதுக்கே மறந்துட்டேன்."